குளிர் அறையில் ஆறு பதிவேடுகள்

இறந்தவர் கேட்காத ஒன்றை, அவருடைய நன்மைக்கென்று நாம் செய்யலாமா? பாக்கியசீலனைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. உயிரோடிருப்பவருக்கு நல்லது செய்தால், வேண்டாம் என்று அவர் கையைத் தட்டிவிடலாம். இறந்தவருக்கு அந்த வசதி கிடையாது. என்னைப் போன்றவர்கள் இதைப் பெரிதாக யோசிப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு ஆற்றில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஈர வேட்டியோடு வீடு திரும்பிவிடுகிறோம். பாக்கியசீலன் பதினைந்து வருஷம் யோசித்தார்.

அவருக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கிழக்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிருபாபுரத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அப்பா ஞானமுத்து, ஊரின் சி.எஸ்.ஐ. சபையில் முப்பத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தவர். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வந்துபோன அந்தக் காலத்தில், ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பது, ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் உபதேசியார் வேலைதான்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகன், பெங்களூரில் வேலை பார்த்தபோது, 2008-இல் மோர்மன் ஆனார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்கள் தங்களுக்கு வைத்திருக்கும் பெயர். கூட வேலை பார்த்த ஒரு தெலுங்கர் அவரைக் கூட்டிக்கொண்டு போனாராம். குடும்ப உறவு சாவோடு அறுந்துபோவதில்லை, முறைப்படி கட்டினால் என்றைக்கும் நிற்கும் என்று அங்கே சொன்ன ஒரு வார்த்தையில் அவர் நின்றுவிட்டார். தண்ணீரில் முழுக்க முக்கி எடுத்து அவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது நெற்றியில் தெளித்த தண்ணீர் அவர்களிடம் செல்லாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். அம்மா தங்கக்கனி அருகே உட்கார்ந்து முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நடந்ததை வரி பிசகாமல் சொல்பவர் அவர்தான்.

"அப்போ உன்னை நான் கையில ஏந்திட்டு நின்னேனே, அது?" என்றார் உபதேசியார்.

"அது உங்க பிரியம்பா. அதைக் கொடுக்குறதுக்கு அதிகாரம் உள்ளவங்க அப்ப இங்க இல்ல."

"ஐயருக்கே அதிகாரம் இல்லையா? சரித்தான். உனக்கு மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?"

அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். பாக்கியசீலன் விளக்கினார். அப்போஸ்தலர்களுக்குப் பிறகு அந்த அதிகாரம் பூமியில் அற்றுப்போனது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு தீர்க்கதரிசி மூலமாகத் திரும்ப வந்தது, இடையில் இறந்தவர்கள் விடுபட்டுப் போகாதபடி உயிரோடிருப்பவர்கள் அவர்களுக்குப் பதிலாக ஆலயத்தில் முழுக்கு எடுக்கலாம் என்றெல்லாம் சொன்னார். உபதேசியார் கடைசி விஷயத்தில் மட்டும் சிரித்துவிட்டார்.

"ஏலே, நான் செத்தப் பொறவு என்னையும் முக்கிருவியோ?"

"முங்குறது நான்தான்பா. உங்க பேரைச் சொல்லுவாங்க. ஏத்துக்கிடுறதும் தள்ளுறதும் அங்கன உங்க இஷ்டம்."

"அங்கன வந்தும் விடமாட்டியா?" என்று சொல்லிவிட்டு அவர் முறுக்கு அச்சை எடுத்துக் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசவில்லை. 2011-இல் உபதேசியார் காலமானார்.

நாலு வருஷம் கழித்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள பாக்கியசீலன் மனைவி ஜெபசெல்வியோடு ஊருக்கே திரும்பினார். மாவட்டத்தில் அவருடைய சபை கிடையாது. ஞாயிறு காலையில் அம்மாவை சி.எஸ்.ஐ. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தபின், பெங்களூரில் கேட்டுவாங்கிய அனுமதியின்படி, மனைவியும் அவருமாக ரொட்டித்துண்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துத் திருவிருந்து எடுப்பார்கள். அவர்களுக்குத் திராட்சரசம் கிடையாது. டீ, காப்பி கிடையாது. சம்பளம் வாங்கும் குருமாரும் கிடையாது. கம்ப்ரஸருக்கு கியாஸ் ஏற்றுகிறவரே ஜெபத்தையும் நடத்தலாம்.

கோயிலில் எல்லாரோடும் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்வார். குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார். இதை முதலில் கவனித்தவர் சபைச் செயலர் சாலமோன். ஓய்வுபெற்ற வாத்தியார், உபதேசியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. யார் உதடு அசையவில்லை என்று கண்டுபிடிப்பதில் நாற்பது வருஷ அனுபவம்.

டீக்கடையில் வைத்துப் பிடித்தார். "ஏலே பாக்கியம், நடுவுல ஒரு வரியை முழுங்குதியே, தொண்டைக் கட்டா?"

"அந்த வரி எனக்குச் சம்மதம் இல்ல சித்தப்பா. பிதா வேற, குமாரன் வேற, பரிசுத்த ஆவி வேற. மூணு பேரு. மனசு ஒண்ணு, நோக்கம் ஒண்ணு. ஆனா ஆளு மூணு."

"அப்போ மூணு சாமி கும்பிடுதேங்க?"

"நீங்க மூணும் ஒண்ணுங்கேங்க. அதை வெளங்க வைக்கச் சொன்னா ரகசியம்ங்கேங்க."

"கடவுள் ரகசியம்தாம்ல. பிதாவுக்கு ஒடம்பு உண்டுன்னு வேற சொல்லுதேங்களாமே? சட்டை அளவு என்ன வே?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியசீலனும் சிரித்தார். அவருக்குச் சுக்குவெந்நீர் போட்டுக் கொடுத்த கடைக்காரர், "நீங்களும் இயேசுவைத்தானே கும்பிடுதிய, பொறவு என்ன சண்டை?" என்று கேட்டார். அதற்கு மட்டும் சாலமோனும் பாக்கியசீலனும் சேர்ந்து வாயைத் திறந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

வித்தியாசம் சின்னதல்ல. சாலமோன் பக்கத்து நியாயமும் சின்னதல்ல. கடவுள் ஒன்று, வேதம் முடிந்துபோனது, ஞானஸ்நானம் ஒருதரம் போதும் என்று ஆயிரத்தறுநூறு வருஷமாகச் சொல்லிவருகிற ஒரு பெருங்கூட்டத்திடம் போய், கடவுளர் மூவர், வேதத்தோடு இன்னும் நூல்கள் உண்டு, உங்கள் ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று சொன்னால், 'நீயும் கிறிஸ்தவன்தான்' என்று அவர்கள் எளிதில் சொல்லிவிட முடியாது. பாக்கியசீலனோ தன்னைக் கிறிஸ்தவன் என்பதைத் தவிர வேறு எந்தப் பெயராலும் சொல்லிக்கொண்டதில்லை. யாரையும் தன் பக்கம் இழுக்க அவர் முயன்றதாகவும் நான் கேள்விப்படவில்லை. கருத்து மாறுபட்டவர்கள் நிறைய உண்டு. மாறுபட்ட இடத்தில் மட்டும் வாயை மூடி, மற்ற இடமெல்லாம் சத்தமாகச் சேர்ந்து சொல்கிறவர்கள் குறைவு.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் முன்னோர்களின் பெயர்கள். யார், எப்போது பிறந்தார், யாருக்குப் பிள்ளை என்று தெரிந்தால்தான் ஆலயத்தில் அவர்களுக்காக முழுக்கு எடுக்க முடியும். ஆலயம் என்றால் ஞாயிறு கூடும் இடமல்ல, இப்படிப்பட்ட சடங்குகளுக்கென்றே அவர்கள் தனியாகக் கட்டுவது; இந்தியாவில் அப்படி ஒன்று இன்னும் இல்லை. அதெல்லாம் இருந்தது ஊர் சி.எஸ்.ஐ. சபையின் ஆறு பழைய பதிவேடுகளில். 2019-இல் எழுதிக்கேட்டார். கமிட்டி மறுத்துவிட்டது. "நம்ம கல்லறையில படுத்திருக்கவங்களை எழுப்பி இவன் சபையில சேக்கவா? முடியாது," என்று சாலமோன் சொன்னது அப்படியே தீர்மானமானது. பாக்கியசீலன் மறுபடி மனுக் கொடுக்கவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை. பெயரில்லாமல் போய் என்ன செய்ய?

2023 டிசம்பரில் வெள்ளம் வந்தது. கேரல்ஸ் பாட்டுக்குப் பந்தல் போட்டிருந்த வாரம். ஒரு பகலும் இரவும் வானம் கொட்டியதில் ஆறும் குளங்களும் ஒன்றாகி, கிருபாபுரம் கோயிலுக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிவதற்கு மூன்று நாள் ஆனது. இரும்பு அலமாரியைக் கடப்பாரை வைத்துத் திறந்தபோது ஆறு பதிவேடுகளும் ஊறிய அவல் மாதிரி உப்பியிருந்தன. நூற்றெழுபத்தாறு வருஷத்துப் பெயர்கள்.

சாலமோன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெயில் லேசாக அடித்தது. பெண்கள் கோயில் முற்றத்தில் பாயை விரித்து, புத்தகங்களைப் பிரித்துக் காயவைக்கத் தயாரானார்கள். அப்போதுதான் பாக்கியசீலன் முழங்கால் சேற்றோடு வந்து சேர்ந்தார்.

"பிரிக்காதீங்க! இப்பப் பிரிச்சா தாள் தாளாக் கிழியும். வெயில்ல போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டையாயிரும். நாளைக்குப் பூசணம் புடிக்கும்."

"அப்போ என்ன செய்யணுங்க?" என்று கேட்டார் ஐயர். ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளவயதுக்காரர்.

"எறாலைக் கெடாம வைக்கணும்னா என்ன செய்வோம் ஐயா? உறைய வைப்போம். இதையும் உறைய வச்சிட்டா கெட்டுப்போறது அப்படியே நின்னுரும். பொறவு ஒண்ணொண்ணா எடுத்துப் பையக் காயவைக்கலாம். எங்க கம்பெனியில ஒரு பழைய அறை சும்மா கெடக்கு. கொடுங்க, கொண்டு போறேன்."

சாலமோன் எழுந்துவிட்டார். "நல்லாருக்கு! ஞானஸ்நானப் புஸ்தகத்தை எறாலோட வைக்கப் போறானாம். அதுவும் யாரு? இவன்! நாலு வருஷமா எதுக்கு நாக்கைத் தொங்கப் போட்டானோ அதைத் தட்டுல வச்சுக் கொடுக்கணுமாக்கும்?"

ஐயர் பாக்கியசீலனைப் பார்த்தார். "உள்ள இருக்குற பேர் எதையும் எடுக்கமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கொடுத்திருதேன்."

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது. பிறகு புத்தகமும் அவரும் தனியாக இருக்கப்போகிற இடத்தில், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"மத்தவங்க பேர் எதையும் எடுக்கமாட்டேன் ஐயா. எங்க சபையிலயே அதுக்கு அனுமதி இல்ல, அவங்கவங்க சொந்தக்காரங்கதான் செய்யணும். ஆனா எங்க குடும்பத்துப் பேரை எழுதிக்கிடுவேன். எழுதமாட்டேன்னு சொன்னா அது பொய்யாயிரும்."

"பாத்தேங்களா ஐயரே?" என்றார் சாலமோன்.

"பாத்தேன்," என்றார் ஐயர். "வேற ஆளா இருந்தா பொய் சொல்லி வாங்கிட்டுப் போயிருப்பான். தூக்கி வைங்க."

டிராக்டரில் ஏற்றி, பாதை அறுந்த இடத்தில் தலையில் சுமந்து, பிறகு ஒரு வேனைப் பிடித்துத் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது, கம்பெனி முதலாளி மரிய அந்தோணி வாசலில் நின்று மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கடற்கரைக் கத்தோலிக்கர். விஷயத்தைக் கேட்டதும், "சி.எஸ்.ஐ. புஸ்தகம், மோர்மன் கையி, ஆர்.சி. ஐஸ் ரூம். நல்ல கூட்டணிதான் வே," என்று சாவியைத் தூக்கிப் போட்டார். "எங்க ஆளு யாராச்சும் உள்ள இருக்காங்களா?"

"கல்யாணம் கட்டி வந்தவங்க ஒண்ணு ரெண்டு பேரு இருப்பாங்க அண்ணாச்சி."

"இருந்தா பத்திரம். குளிர் தாங்காது எங்க ஆட்களுக்கு."

ஆறு புத்தகங்களும் பிளாஸ்டிக் உறையில் சுற்றப்பட்டு, பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே, கல்லாக உறைந்து கிடந்தன. தை பிறந்ததும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வேலை முடிந்து வந்து, தினமும் ஒரு மணிநேரம். உறை இளகும் பக்குவத்தில் எலும்புக் கத்தியால் தாளைப் பிரித்து, இடையில் வெள்ளைத் தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் வைப்பார். ஈரமான தாளை உருவி வேறு தாள் மாற்றுவது ஜெபசெல்வி வேலை. ஒருநாளில் பத்துத் தாள் ஆனால் அது நல்ல நாள். ஆடி முடியும் வரை இது நடந்தது. தான் நேசிப்பதற்காக உழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தன்னைச் சேர்த்துக்கொள்ளாத ஒரு சபையின் பெயர்களை இப்படித் தாள் தாளாக மீட்டவர் வேறொருவரை நான் பார்த்ததில்லை. புகழ்வதற்கு நான் அவசரப்படுகிறவன் அல்ல என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

மிகப் பழைய மை அப்படியே நின்றது. அவருடைய குடும்பத்தின் முதல் கிறிஸ்தவர் 1847-இல் வருகிறார்: சுடலைமுத்து, ஞானஸ்நானப் பெயர் யாக்கோபு. பிந்தைய காலத்துப் பேனா மைதான் கரைந்து, பக்கம் பக்கமாக நீலப் புகையாகிப் போயிருந்தது. அப்பா எழுதிய பக்கங்கள் பலவும் அப்படித்தான். வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து, நிப்பு அழுத்திய தடத்தை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்து, தனித் தாளில் எழுதிவைத்தார்.

அடக்கப் பதிவேட்டின் ஓரங்களில் அவர் எதிர்பாராத ஒன்று இருந்தது. பென்சில் எழுத்து. தண்ணீர் அதைத் தொடவே இல்லை. 'தச்சர் தெரு ரெபேக்காளின் ஆண்பிள்ளை, ஒரு நாள்.' 'மேலத்தெரு ஆசீர்வாதத்தின் பெண்பிள்ளை, மூன்று நாள்.' இப்படி முப்பத்தொரு பேர். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகள். அவர்களைப் பதிவேட்டில் ஏற்ற முறை இல்லை. கல்லறைத் தோட்டத்திலும் வேலியோரமாகத்தான் புதைப்பார்கள். உபதேசியார் ஞானமுத்து, முறைக்குள் எழுத முடியாதவர்களை முறைக்கு வெளியே, ஓரத்தில், தன் கையால் எழுதிவைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கே பாக்கியசீலன் சாலமோன் வீட்டுக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். ஆசீர்வாதம் என்பது சாலமோனின் அப்பா.

சாலமோன் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"எங்க தங்கச்சிலே. அறுபத்து மூணாம் வருஷம். ஐயர் வர ஞாயித்துக்கெழம ஆயிரும்னு காத்துக் கெடந்தோம். வெள்ளிக்கெழமையே போயிருச்சு." மறுபடி அந்த வரியைப் பார்த்து, "தண்ணி படாமப் போயிட்டாளே, எங்கன இருக்காளோன்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லி அழுதா," என்றார்.

சாலமோனே கேட்டார். "உங்க ஆளுக இதுக்கு என்ன சொல்லுதாங்க? இவளுக்கும் யாராச்சும் முங்கி எந்திரிக்கணுமா?"

"வேண்டாம் சித்தப்பா. எட்டு வயசுக்குள்ள போற பிள்ளைக்குப் பாவமே கெடையாது. ஞானஸ்நானமும் வேண்டாம். நேரா கடவுள்கிட்ட போயிரும். எங்கள்ல அப்படித்தான்."

சாலமோன் அந்தப் பென்சில் வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். "இந்த ஒண்ணையாச்சும் உங்காளு சரியாச் சொல்லியிருக்கான்," என்றார்.

ஆவணியில் ஆறு பதிவேடுகளும் கோயிலுக்குத் திரும்பின. பெயர்களைப் பிரதி எடுத்த தாள்களும் கூட வந்தன. ஐயர் பீடத்துக்கு முன் நின்று பாக்கியசீலனின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். கமிட்டித் தீர்மானத்தை ரத்துசெய்யும்படி எழுந்து சொன்னவர் சாலமோன். அதே ஆராதனையில் நற்கருணைக்கு எல்லாரும் முன்னே போனபோது, பாக்கியசீலன் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் அந்த ஒரு வரிக்கு அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. சமரசம் என்ற பெயரில் யாரும் எதையும் மழுப்பவில்லை. அந்தச் சபையையும் அவரையும் ஒருசேர மதிக்கத் தோன்றியது எனக்கு அப்போதுதான்.

குடும்பத்தில் பதினேழு பெயர்கள் கிடைத்திருந்தன. பெங்களூரில் ஆலயம் இன்னும் கட்டிமுடியவில்லை என்பதால், 2024 அக்டோபரில் பாங்காக் போவதென்று முடிவாயிற்று. சமீபத்தில் இறந்தவர்களுக்கு நெருங்கிய உறவின் சம்மதம் வேண்டும். உபதேசியாருக்காக அம்மாவிடம் கேட்டார்கள். தங்கக்கனி யோசிக்கவே இல்லை. "கொடுலே. அவரு வேண்டாம்னு சொன்னா அங்கன சொல்லிக்கிடுவாரு. பாவம், நீயும் எத்தனை வருஷமாக் காத்துக் கெடக்க," என்று விரலை நீட்டிக் கைநாட்டுக்குத் தயாரானார். கையெழுத்தே தேவையில்லை, வாய்ச்சொல் போதும் என்று சொல்லிச் சிரித்தார்கள். தடை என்று ஒன்றும் மிச்சமில்லை.

பாங்காக் ஆலயத்தில் பெயருக்கு ஒன்றாகப் பதினேழு சீட்டுகள். ஆண்கள் பதினோரு பேருக்கும் பாக்கியசீலன் முங்குவது, பெண்கள் ஆறு பேருக்கும் ஜெபசெல்வி முங்குவது என்று ஏற்பாடு. முதலில் யாக்கோபாகிய சுடலைமுத்து. பிறகு அவர் மகன், பேரன் என்று வரிசையாக ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்ல, பத்து தடவை தண்ணீருக்குள் போய் எழுந்தார். கடைசிச் சீட்டு ஞானமுத்துவுடையது. அதை வாங்கிக்கொள்ள அங்கே நின்றவர் கையை நீட்டினார். பாக்கியசீலன் சீட்டைக் கொடுக்கவில்லை. போதும் என்று தலையசைத்துவிட்டுப் படியேறி வெளியே வந்தார்.

ஜெபசெல்வி அன்றைக்கும் கேட்டார், ஊருக்கு வந்தும் கேட்டார். அம்மா கேட்டார். சாலமோன்கூட ஒருநாள் கேட்டார். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. 'அங்கன வந்தும் விடமாட்டியா?' என்று எப்போதோ கேட்ட அப்பாவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.